துளை விழாத அட்டைகள்

என் வீட்டுக்காரர் முத்துராமன் விடியற்காலை நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தது, எங்கள் இருபத்தோரு வருட இல்லறத்தில் மூன்றே முறைதான். இரண்டு முறை ஊருக்கு விமானம் பிடிக்க. மூன்றாவது முறை, 2008 நவம்பர் ஐந்தாம் தேதி, வாஷிங்டன் நகரத்து ஜனங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று டி.வி.யில் பார்க்க.

அமெரிக்காவில் எங்களுக்குச் சொந்தம் என்று ஒரு ஈ காக்கை கிடையாது. நாங்கள் இருப்பது பஹ்ரைனில். தலைநகர் மனாமாவின் குதைபியாவில், கீழே தையல்கடையும் மேலே நாலு மாடியும் கொண்ட கட்டடத்தில் மூன்றாவது மாடி. அவர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் குவான்டிட்டி சர்வேயர். பகலெல்லாம் எந்தச் சுவருக்கு எத்தனை கல் என்று எண்ணிவிட்டு வருவார். வீட்டுக்கு வந்ததும் தேர்தல் முடிவுகளை எண்ண உட்காருவார். மதுரை மாநகராட்சி வார்டு தேர்தலில் ஆரம்பித்து உலகத்துத் தலைநகரங்கள் வரைக்கும் நீல அட்டை போட்ட நோட்டுகளில் எழுதி வைத்திருக்கிறார். சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்குக் குடி. என் தலையெழுத்து இது என்று நானும் பழகிக்கொண்டேன்.

ஆறு மணிக்கு நான் காப்பியோடு போனபோது முகமெல்லாம் மலர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"தொண்ணூறு சதவீதத்துக்கு மேல போகுது சந்திரா. பன்னெண்டாவது தடவையா அந்த ஊரு அதே கட்சிக்குப் போட்டிருக்கு. அறுபத்துநாலுல ஆரம்பிச்சது, ஒருதடவகூட மாறல. எண்பத்துநாலுல நாடே மறுபக்கம் சாஞ்சப்பக்கூட ஒரே ஒரு மாநிலமும் இந்த ஊரும்தான் நின்னுச்சு. தலைநகரம்னா அப்படித்தான், மாறாது."

அது வாஷிங்டனுக்குச் சொன்னதில்லை, எனக்குச் சொன்னது. முந்தின நாள் சாப்பாட்டின்போது நான், இந்த முறையாவது பாலகுருவை யாராவது தோற்கடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அதற்கான பதிலை அமெரிக்கா வழியாகச் சுற்றிக் கொண்டுவருகிறார்.

பாலகுரு எங்கள் தமிழர் மன்றத்தின் தலைவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல். 98-லிருந்து ஐந்து முறை அவரே. நல்ல மனிதர்தான், பொங்கலுக்குக் கரும்பு வரவழைப்பார், மேடையில் பன்னீர் தெளிப்பார். ஆனால் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டார். மன்றத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து இரண்டாவது தெருவில் ஒரு கூடம் உண்டு. அதன் பக்கத்து அறையில் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி முதல் ஆறு மணி வரை நான் உட்காருவேன். அரபி வீடுகளில் வேலை செய்யும் நம் பெண்கள் வருவார்கள். ஊருக்கு ஃபோன் பேசுவார்கள், நான் அவர்களுக்குக் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுப்பேன். அங்கே இருப்பது ஒரு மேசை, ஆறு நாற்காலி, ஒரு ஃபோன், அவ்வளவுதான். ஜனவரியிலிருந்து அந்த அறை தலைவரின் அலுவலகமாக மாறும், பெண்கள் வர வேண்டாம் என்று அக்டோபரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார் பாலகுரு.

அதற்குக் காரணம் வீரம்மாள். புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண், நாற்பது வயது இருக்கும். இரண்டு வருட ஒப்பந்தம் பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. கஃபீல், அதாவது அவளை வேலைக்குக் கொண்டுவந்த அரபி முதலாளி, இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு மாதம் என்று ஒன்பது மாதமாக இழுத்துக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட் அவர் கையில். மாதத்தின் முதல் வெள்ளியும் மூன்றாம் வெள்ளியும் மட்டும் அந்த வீட்டு டிரைவர் அவளை மன்றத்து வாசலில் இறக்கிவிட்டு, ஆறு மணிக்குத் திரும்ப ஏற்றிக்கொள்வார். பெண்கள் கூடும் இடம் என்பதால் அந்த வீட்டு அம்மாள் கொடுத்த அனுமதி அது. ஊரில் மகள் ஜெயபாரதிக்குத் தை மாதம் கல்யாணம். நான் எழுதிய மனுவை நம் தூதரகத்துக்கு எடுத்துக்கொண்டு போய் விசாரித்தபோது அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். மன்றத்தின் கடிதத்தாளில் தலைவர் கையெழுத்தோடு கொண்டுவாருங்கள், நாங்களே கஃபீலைக் கூப்பிட்டுப் பேசுகிறோம் என்றார்.

பாலகுரு போடவில்லை. நாளைக்கு அந்த அரபி கோபப்பட்டு வழக்குப் போட்டால் என் விசாவுக்கு யார் பதில் என்று என்னையே கேட்டார். பயந்த மனிதரைத் திட்டி என்ன பயன். ஆனால் பயந்தவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவர் எழுந்திருக்காமல் அறையையும் சேர்த்துப் பூட்டப் பார்த்தார்.

இப்போது காப்பிக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் தலைநகரம் மாறாது என்று சொல்லிவிட்டு டம்ளரை வாங்கினார். குதைபியாவும் மனாமாவின் மற்ற பகுதிகளும் எட்டுத் தேர்தலாக எப்படி ஓட்டுப் போட்டன என்பதும் அவருடைய நோட்டில் இருக்கிறது, ஏனென்றால் மன்றத்தின் தேர்தல் அதிகாரியும் அவர்தான். 92-இல் நடந்த முதல் தேர்தலிலிருந்தே அவர்தான். நான் சும்மா இருக்க மாட்டாமல் கேட்டேன்.

"அறுபத்துநாலுக்கு முன்னாடி அந்த ஊரு யாருக்குப் போட்டுச்சு?"

"அதுக்கு முன்னாடி அந்த ஊர்க்காரங்களுக்கு ஜனாதிபதி தேர்தல்ல ஓட்டே கிடையாது. அப்புறம் சட்டத்தைத் திருத்திக் குடுத்தாங்க."

"நாட்டோட தலைநகரத்துல இருக்கவங்களுக்கே ஓட்டு இல்லையா?"

"இல்ல" என்றார், காப்பியை ஆற்றிக்கொண்டே.

எனக்கு அப்போதுதான் எங்கள் அட்டை ஞாபகம் வந்தது. கைப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். மன்றத்தின் மஞ்சள் நிறக் குடும்ப அட்டை, எண் எண்பத்தெட்டு. கீழ் ஓரத்தில் பன்னிரண்டு சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு தேர்தலிலும் ஓட்டுப் போட்டதும் ஒரு கட்டத்தில் துளை விழும். மதுரையில் பஸ் கண்டக்டராக இருந்த தன் மைத்துனரிடம், அதாவது என் அண்ணனிடம், டிக்கெட் குத்தும் பஞ்ச் ஒன்றை வாங்கி வந்து இந்த வழக்கத்தை ஏற்படுத்தியதும் என் வீட்டுக்காரர்தான். எங்கள் அட்டையில் ஒரு துளைகூட இல்லை. தேர்தல் அதிகாரி ஓட்டுப் போடக்கூடாது என்று அவர் போடுவதில்லை. நான் போடலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை, வெட்கத்தை விட்டுச் சொன்னால் எனக்கும் தோன்றவில்லை. பதினாறு வருடம்.

"நான் தலைவர் தேர்தல்ல நிக்கப்போறேங்க" என்றேன்.

அவர் காப்பியைக் கீழே வைக்கவில்லை. மெதுவாகக் குடித்து முடித்துவிட்டு, வேட்புமனுவுக்குக் கடைசி நாள் பதினாலாம் தேதி, மறந்துவிடாதே என்றார்.

மனு கொடுத்த அன்றே அவர் பதவி விலகக் கடிதம் எழுதிக்கொண்டு பாலகுருவிடம் போனார், மனைவி நிற்கும் தேர்தலைத் தான் நடத்துவது முறையில்லை என்று. பாலகுரு அதை வாங்கவே இல்லை. நீங்கள் இருந்தால்தான் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், தவிர உங்கள் நோட்டே என் பக்கம்தானே என்று சிரித்தாராம். அந்த நம்பிக்கை அவருக்கு இருந்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். அன்று முதல் எங்கள் வீட்டில் தேர்தல் பேச்சு நின்றது. சாம்பாரில் உப்பு, மகள் சுஷ்மிதாவின் கணக்குப் பரீட்சை, இதைத் தவிர வேறு எதுவும் பேச மாட்டார். இவருக்கு இவ்வளவு கட்டுப்பாடு உண்டென்று முன்பே தெரிந்திருந்தால் வேறு சில விஷயங்களிலும் கேட்டு வாங்கியிருப்பேன்.

விதிப்படி இரண்டு வேட்பாளர்களுக்கும் வாக்காளர் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். எந்த அட்டை எந்தெந்தத் தேர்தலில் குத்தப்பட்டது என்று எட்டுத் தேர்தலின் சரித்திரமும் அதில் இருந்தது. பாலகுரு அதில் வந்தவர்களைப் பார்த்திருப்பார். நான் வராதவர்களைப் பார்த்தேன். குடும்ப அட்டை 214. போன முறை வந்தது வெறும் 78. அதற்கு முந்தியும் அப்படித்தான், அதே எழுபது எண்பது ஆண்கள்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள். மற்றவர்கள் வெள்ளிக்கிழமை தூங்கியிருப்பார்கள், மீன் பிடிக்கப் போயிருப்பார்கள், கிரிக்கெட் ஆடியிருப்பார்கள். தலைநகரம் மாறாது என்றாரே, குதைபியாவில் பாதிக்கு மேல் வாயே திறக்கவில்லை.

அப்புறம் மன்றத்தின் விதிப்புத்தகத்தை எடுத்தேன். ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு வாக்கு, அட்டையைக் கொண்டு வரும் குடும்ப உறுப்பினர் வாக்களிப்பார் என்று இருந்தது. ஷிப்ட் டூட்டியில் இருப்பவர்களுக்காக முதல் வருடம் அப்படி எழுதினார்களாம். எழுதியது யார் என்று சொல்ல வேண்டுமா. என் வீட்டுக்காரர்தான்.

அட்டை எந்த ஆணிடமும் இருப்பதில்லை. அதைக் காட்டினால் தெருமுனையில் கோல்டு ஸ்டோர் என்கிற பலசரக்குக் கடையில் மளிகைக்கும், பக்கத்துக் கடையில் புடவைக்கும் தள்ளுபடி உண்டு. அதனால் எல்லா வீட்டிலும் அது பெண்களின் கைப்பையில்தான் கிடக்கும். தேர்தல் அன்று காலை, போகிற கணவன் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கேட்காவிட்டால் இல்லை.

இரண்டு வாரம் நான் வேறு பிரசாரமே செய்யவில்லை. கோல்டு ஸ்டோர் வாசலில், பள்ளிக்கூட வேன் நிற்கும் இடத்தில், சாயங்காலம் பூங்காவில், பார்க்கிற பெண்களிடமெல்லாம் அட்டையை எடுங்கள், எத்தனை துளை இருக்கிறது பார்ப்போம் என்று கேட்டேன். அவ்வளவுதான். ஒவ்வொருத்தியும் எடுத்துப் பார்ப்பாள். பெரும்பாலும் ஒன்றுமிருக்காது, அல்லது ஒன்று இரண்டு இருக்கும். அது ஓட்டுக்கான துளை என்பதே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. ஒருத்தி தள்ளுபடிக்குக் குத்துவது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு வீரம்மாளின் கதையைச் சொல்வேன், அந்தக் கையெழுத்தைச் சொல்வேன். மேலே எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தனி உறுப்பினர்கள் என்று தொண்ணூற்றாறு பேர் உண்டு, எல்லோரும் கம்பெனிகளின் தொழிலாளர் கேம்ப்களில் தங்கியிருக்கும் ஆட்கள். சித்ரா தீவுக் கேம்பில் இருந்து கம்பி கட்டும் அழகுமலையிடம் பேசினேன். அவன் மழுப்பாமல் சொன்னான்.

"ஓட்டுக்கு வேன் பாலகுருதான் அனுப்புறாரு அக்கா, பிரியாணியும் போடுறாரு. அதுக்கு நன்றியா பாதிப்பேரு அவருக்குத்தான் குத்துவாங்ய. மிச்சப்பேருட்ட நான் வீரம்மா விசயத்தச் சொல்றேன். எங்க பக்கத்து ஊருதான் அது."

அந்தப் பாதியே எனக்குப் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தேர்தல் நவம்பர் இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை. வியாழன் மதியம்தான் பாலகுருவுக்கு விஷயம் எட்டியது. உடனே குதைபியா ஆண்களுக்கெல்லாம் ஃபோன் போட்டார், இன்றைக்கே மனைவியிடம் அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று. அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் எத்தனை அட்டைகள் காணாமல் போயின என்று கணக்கே இல்லை. எதிர்வீட்டு ஜெயலட்சுமியின் புருஷன் பாலகுருவுக்கு வலதுகை மாதிரி. அவர் அலமாரி, கட்டில், குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டு வரைக்கும் தேடினாராம். ஜெயலட்சுமி கூடவே நின்று தேடிக் கொடுத்திருக்கிறாள். அட்டை அரிசி டப்பாவுக்குள் இருந்தது. அந்த மனிதர் கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் அரிசி டப்பாவைத் திறந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கூடம் திறந்தது. வரிசையில் முப்பது பேர். அதில் இருபது பேர் பெண்கள். என் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மேசைமேல் பட்டியல், பஞ்ச், நீல நோட்டு எல்லாவற்றையும் வரிசையாக வைத்து உட்கார்ந்திருந்தார். பாலகுரு நேரே மேசைக்குப் போனார். இது குடும்பத் தலைவர்கள் போடுகிற ஓட்டு, பதினாறு வருடமாக அப்படித்தான், இந்தப் பெண்களைத் திருப்பி அனுப்புங்கள் என்றார். கத்தவில்லை, தெளிவாகச் சொன்னார். பின்னாலிருந்த ஆண்கள் சிலர் ஆமா ஆமா என்றார்கள்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். என் பக்கம் தீர்ப்புச் சொன்னால் பெண்டாட்டிக்காகச் சொன்னார் என்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து அவர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டால், வீரம்மாளுக்குத் தை மாதம் இல்லை.

"விதிய எழுதினது நான்" என்றார் அவர். "கார்டைக் கொண்டு வர்ற குடும்ப உறுப்பினர்னுதான் எழுதியிருக்கேன். புருஷன், பொண்டாட்டின்னு அதுல எதுவும் இல்ல."

"எழுத்துல இல்லாட்டி என்ன சார், வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கு. அதையும் பார்த்துருவோம்."

நீல நோட்டைப் பிரித்தார். அவசரமே இல்லை. பக்கம் பக்கமாகத் தள்ளி ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"தொண்ணூத்தெட்டு. நீங்க மொதல்முதல்ல நின்ன வருஷம். ரெண்டு ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சீங்க. அன்னிக்கு உங்களுக்கு ஏர்போர்ட்ல டபுள் டூட்டி, வர முடியல. கார்டு நம்பர் பதினேழு, சாயங்காலம் நாலு இருபது. கொண்டு வந்தவர் திருமதி பானுமதி பாலகுரு. குத்தினது நான்தான். அந்த ஓட்டு செல்லாதுன்னா அதை இப்ப சொல்லிருங்க, எழுதிக்கிறேன்."

பாலகுரு திரும்பி வரிசையைப் பார்த்தார். மூன்றாவதாகப் பானுமதி அக்கா நின்றுகொண்டிருந்தார், கையில் பதினேழாம் நம்பர் அட்டையோடு.

"ஆமா, நான்தான் போட்டேன்" என்றார் அவர். "இன்னிக்கும் போடத்தான் வந்திருக்கேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெயிலுக்கு முன்னாடி வீட்டுக்குப் போகணும்."

பாலகுரு தள்ளி நின்றார். அதற்காக அவரை இன்றைக்கும் மதிக்கிறேன். அக்கா யாருக்குப் போட்டார் என்று நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு பஞ்ச் ஓயவே இல்லை. தூக்கக் கலக்கத்தோடு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள், பிரியாணிக்குக் கறி ஊற வைத்துவிட்டு வந்தார்கள், டிரைவிங் தெரிந்த இரண்டு பேர் ஆறு ஆறு பேராக ஏற்றிக்கொண்டு பக்கத்துத் தீவான முஹர்ரக்கிலிருந்து வந்தார்கள். சில வீடுகளில் கணவனும் மனைவியும் ஒரே அட்டையோடு சேர்ந்து வந்து, வாசலில் நின்று யார் போடுவது என்று பேசி முடிவு செய்தார்கள். நான் மாடிப்படியில் நின்றுகொண்டு, இன்னும் வராதவர்களுக்கு ஃபோன் போட்டுக்கொண்டே இருந்தேன். சாப்பிடவில்லை. ஜெயலட்சுமி கொண்டுவந்த மோரைக் குடித்தேன்.

ஆறு மணிக்கு ஓட்டு முடிய வேண்டும். பத்து நிமிடம் இருக்கும்போது என் வீட்டுக்காரர் எழுந்து நின்று, இன்னும் வராத குடும்ப அட்டைகளின் எண்களைப் படிக்கப்போவதாக அறிவித்தார். எட்டுத் தேர்தலில் இப்படி ஒரு நாளும் செய்ததில்லை. அறுபத்துநாலு எண்கள். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தார். நான் படியில் நின்று அவசர அவசரமாகப் பட்டியலில் பார்த்து, இது எந்த வீடு, இவளுக்கு இன்னொரு ஃபோன் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"எண்பத்தெட்டு" என்றார்.

யார் எண்பத்தெட்டு என்று பட்டியலில் தேடினேன்.

"எண்பத்தெட்டு" என்றார் மறுபடியும். வேறு எந்த எண்ணையும் அவர் இரண்டு தடவை படிக்கவில்லை. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

ஊரிலுள்ள அட்டைகளையெல்லாம் எண்ணிய எனக்கு என் கைப்பைக்குள் இருந்தது மறந்துபோயிருந்தது. ஓடினேன். மற்ற எல்லோரிடமும் கேட்டது போலவே என்னிடமும் பெயர் கேட்டார். சந்திரகலா முத்துராமன் என்றேன். பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அட்டையின் முதல் கட்டத்தில் பஞ்சை வைத்து அழுத்தினார். டக் என்றது. பதினாறு வருடத்துக்கு அப்புறம் ஒரு பொட்டளவு ஓட்டை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

ஏழு மணிக்கு எண்ணி முடித்தார்கள். மொத்தம் 226 ஓட்டு, மன்றத்தின் சரித்திரத்தில் அவ்வளவு விழுந்ததே இல்லை. குடும்ப அட்டை 151, தனி உறுப்பினர் 75. செல்லாதது இரண்டு. பாலகுரு 103. நான் 121. பாலகுரு வந்து கைகூப்பினார், அப்போதே சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

ஒரு வழக்கம் பாக்கி இருந்தது. தேர்தலுக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் தன் கணிப்பை எழுதி, உறையில் ஒட்டி, நோட்டீஸ் பலகையில் குத்திவைப்பார். முடிவு வந்ததும் எல்லோர் முன்னாலும் பிரிப்பார்கள். எட்டு முறையும் ஜெயித்தவர் பெயர் சரியாக இருக்கும், வித்தியாசம் நாலைந்து ஓட்டுக்கு மேல் தப்பாது. அதற்காகவே காத்திருப்பவர்கள் உண்டு. இந்த முறை பாலகுருவே பிரிக்கட்டும் என்றார்கள். எனக்கு அந்தக் காகிதத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. என் பெயர் இருக்காது என்று தெரியும். எனக்காகப் பொய்க்கணக்கு எழுதுகிற ஆள் இல்லை அவர்.

பாலகுரு பிரித்து வாசித்தார். ஒரே ஒரு சொல்.

"தெரியாது."

கூடம் சிரித்தது. என் வீட்டுக்காரர் காது வரைக்கும் சிவந்துபோய், தன் நோட்டில் கணக்கு இல்லாத ஓட்டு இந்த வருஷம் நிறைய இருந்தது என்றார். எல்லாம் தெரிந்த மனிதர் எழுத்தில் தெரியாது என்று கொடுத்திருக்கிறார். இருபத்தோரு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அந்தக் காகிதத்தை நான் வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அடுத்த வெள்ளி டிசம்பர் ஐந்து, மாதத்தின் முதல் வெள்ளி. மூன்று மணிக்கு வீரம்மாள் வந்தாள். அறை மூடப்போகிறது என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும், தேர்தல் நடந்ததெல்லாம் தெரியாது. வாசலிலேயே நின்றாள்.

"இது தலைவர் ரூமா ஆயிருமுன்னு சொன்னாகளேக்கா?"

"ஆயிருச்சு. உள்ள வா."

"தலைவர் வந்தா வைய மாட்டாரா?"

"தலைவர்தான் கூப்புடுறேன், வாடி உள்ள."

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். நான் மன்றத்தின் கடிதத்தாளில் அச்சடித்து வைத்திருந்த மனுவை எடுத்து, அதன் அடியில் கையெழுத்துப் போட்டேன், கீழே முத்திரை குத்தினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எது உன் பேரு என்று கேட்டாள். காட்டினேன். அதுக்குக் கீழே என்ன எழுதியிருக்கு என்றாள். தலைவர் என்று எழுதியிருக்கிறது என்றேன். விரலால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப இது ஆபீசர்ட்டப் போயிருமா அக்கா?"

"போயிரும்" என்றேன். எனக்குச் சந்தேகமே இல்லை.

அதிகாரி சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். கஃபீலைக் கூப்பிட்டுப் பேசினார்கள், பக்ரீத் பெருநாள் கழிந்து பாஸ்போர்ட் வந்தது, பொங்கலுக்கு இரண்டு நாள் கழித்து டிக்கெட் கிடைத்தது. விமான நிலையத்துக்கு என் வீட்டுக்காரர்தான் காரோட்டினார். வீரம்மாள் உள்ளே போய் மறையும் வரை கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றோம். அழகுமலையும் வந்திருந்தான், மகள் கல்யாணத்துக்கு அவன் கொடுத்த புடவைப் பொட்டலத்தை அவள் கைச்சாமானோடு சேர்த்துக் கட்டியிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் நீல நோட்டை எடுத்தார். 2008 தேர்தலின் பக்கம். ஆண்டு, வாக்கு, வித்தியாசம் எல்லாம் அன்றைக்கே எழுதியிருந்தார். கடைசியில் குறிப்பு என்று ஒரு பத்தி. மற்ற எல்லாத் தேர்தலுக்கும் அதில் மழை, மின்வெட்டு, செல்லாத ஓட்டின் காரணம் என்று ஏதாவது இருக்கும். இதற்கு மட்டும் ஏழு வாரமாகக் காலியாக விட்டு வைத்திருந்தார். பேனாவைத் திறந்து, எண்கள் எழுதும் அதே பொடி எழுத்தில் எழுதினார். நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

16 ஜனவரி 2009. வீரம்மாள் ஊருக்குப் போனார்.